உடைமைக்கு எல்லை உண்டா?

அறநெறி பற்றிய வினாக்கள் பெரும்பாலும் பெரிய உருவம் தாங்கி நம் வாயிலில் வந்து நிற்பதில்லை. அரசைத் துறப்பதா, கானகம் ஏகுவதா என்னும் வினாக்கள் காப்பியத் தலைவர்களுக்கு உரியவை. மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டுக் குடும்பம் நடத்தும் நம்மனோர்க்கு அவை எளிய கோலத்தில் வருகின்றன. வீட்டுச் சுவரை இடித்துப் புது வாயில் வைக்கலாமா, பாட்டனார் நட்ட புளியமரத்தை வெட்டலாமா, தாயின் நகையை உருக்கி வேறு நகை செய்யலாமா என்றவாறு அவை வரும். கோலம் எளிதாயினும் உள்ளே இருக்கும் வினா ஒன்றே. "என்னுடையது" என்று நான் சொல்லும் பொருளின்மீது எனக்குள்ள உரிமை எதுவரை செல்லும் என்பதே அவ்வினா.

இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருளும் பார்வைக்குச் சிறியதே. பழைய கார் ஒன்றின் கூரையை வெட்டி, அதில் சன்ரூஃப் எனப்படும் கண்ணாடிச் சாளரத்தைப் பொருத்தலாமா என்பதே அது. இலக்கிய மலரில் இதற்கு இடமுண்டோ என்று அன்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். வாழ்க்கையில் எழும் ஐயங்களைத் தெளிவிக்கப் பயன்படாத இலக்கியத்தை நாம் போற்றி வைத்திருப்பதில் பொருளில்லை. வள்ளுவப் பெருந்தகை "தெரிந்து செயல்வகை" என ஓர் அதிகாரமே வகுத்தது அரசர்க்கு மட்டுமன்று. ஆயிரம் ரூபாய் செலவிடுமுன் பத்து முறை எண்ணிப் பார்க்க வேண்டிய எளியவர்க்கும் அது பொருந்தும்.

செய்தி இதுதான். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தன். சித்தூரில் குடியிருப்பு, திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையேயுள்ள சற்றேறக்குறைய 70 கிலோமீட்டர் சாலை எங்கள் குடும்பத்தின் நல்லது கெட்டதுகள் எல்லாவற்றையும் அறியும். எங்களிடம் உள்ள வேகன் ஆர் கார் 2010-ஆம் ஆண்டு என் அண்ணன் வாங்கியது. அவர் வேலையின் பொருட்டுக் கடல் கடந்தபோது அதை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துச் சென்றார். "தம்பி, விற்றால் பெரிதாக ஒன்றும் வராது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வைத்துக்கொள்" என்றார். அம்மா இருந்தவரையில் அது அப்பணியைத் தவறாமல் செய்தது. 2025-இல் பதினைந்து ஆண்டு நிறைந்தபின், ஆய்வுக்குக் காட்டி, 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஐயாயிரம் ரூபாய்க் கட்டணத்தைச் செலுத்தி, மேலும் ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்தோம்.

இந்நிலையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், உறவினர் ஒருவரின் புதுக்காரில் திருமலைக்குச் சென்று வந்தாள். மலைப்பாதையின் வளைவுகளில், அக்காரின் கூரைக் கண்ணாடி வழியே சேஷாசல மலைமுகடுகள் தலைக்குமேல் திரும்பித் திரும்பி வருவதைக் கண்டிருக்கிறாள். "அப்பா, நம் காருக்கும் அப்படி வைக்க முடியாதா?" என்று கேட்டாள். நகரில் இத்தகைய வேலை செய்யும் ஒருவரிடம் விசாரித்தேன். கூரைத் தகட்டை அளந்து வெட்டி, சட்டம் இறக்கி, கண்ணாடி பொருத்தித் தருவதாகவும், சனிக்கிழமை விட்டால் ஞாயிறு மாலை எடுத்துக்கொள்ளலாம் என்றும், முப்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். அண்ணனைத் தொலைபேசியில் கேட்டபோது, "உன் கார், உன் விருப்பம்" என்று கூறிவிட்டார். எல்லாரும் இசைந்தபின் எஞ்சியிருந்தது என் மனம் ஒன்றே. அது இசையாமைக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

முதற்கண் இந்தச் சாளரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவில் நாஷ் என்னும் நிறுவனம் 1937-ஆம் ஆண்டுக் கார்களிலேயே இதனை அளித்தது. ஆயினும் பிறர் செய்த காரில் பின்னர் இதனைப் பொருத்தித் தருவதை ஒரு பெருந்தொழிலாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஹைன்ஸ் பிரெக்டர் என்பவர். ஜெர்மனியிலிருந்து மாணவராக அமெரிக்கா சென்று அங்கேயே தங்கிவிட்ட அவர், 1965-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அதற்கென நிறுவனம் தொடங்கினார். வெயில் அரிதான வடநாடுகளில் கதிரவனை உள்ளே அழைப்பதற்காகத் தோன்றிய இக்கருவி, கோடையில் நாற்பது பாகை செல்சியசைத் தாண்டும் திருப்பதியிலும் இன்று விரும்பப்படுகிறது. குளிர்நாட்டு மனிதன் வானத்திடம் வெப்பத்தைக் கேட்டான். நாம் கேட்பது வேறு ஏதோ ஒன்று. அது என்ன என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

வானத்தை வீட்டுக்குள் அழைக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளின் நடுவே திறந்து கிடக்கும் முற்றத்தை நாம் அறிவோம். ஆந்திரத்தின் கோதாவரிப் பகுதியிலும் மண்டுவா வீடு என்ற பெயரில் இத்தகைய வீடுகள் உண்டு. மழை, நிலவு, வெயில் மூன்றும் அவ்வழியே வீட்டுக்குள் வந்து செல்லும். ஆனால் அந்த முற்றம் பின்னர் இடித்து உண்டாக்கப்பட்டதன்று. அஸ்திவாரம் தோண்டும்போதே கொத்தனார் மனத்தில் அது இருந்தது. சுற்றிலும் தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்கின. தாழ்வாரம் சாய்ந்து நீரை முற்றத்துக்குள் இறக்கியது. முற்றத்தின் தளம் தாழ்த்தப்பட்டு, மூலையில் நீர்ப்போக்கி வைக்கப்பட்டது. வெளிச்சத்துக்கு வழிவிட்டவன் மழைக்கும் வழி சொல்லியிருந்தான்.

தொழிற்சாலையிலேயே கூரைச் சாளரத்தோடு உருவாகும் காரும் இத்தகையதே. சாளரத்தின் ரப்பர் விளிம்பு நீரை முழுவதும் தடுத்துவிடும் என்று நம்பி அது செய்யப்படுவதில்லை. நீர் சிறிது இறங்கவே செய்யும் என்று எதிர்பார்த்தே, சட்டத்தைச் சுற்றி ஒரு வாய்க்காலும், மூலைகளிலிருந்து கதவுத் தூண்களின் வழியே கீழே செல்லும் குழாய்களும் அமைக்கப்படுகின்றன. வெட்டப்பட்ட இடத்தின் வலுவை ஈடுசெய்யச் சுற்றிலும் உறுதியான சட்டம் வைக்கப்படுகிறது. ஆகவே முற்றத்து வீடும் அந்தக் காரும் ஒரே அறிவின் இரு வடிவங்கள்.

மூடிய கூரையோடு செய்யப்பட்ட காரின் நிலை வேறு. பழைய லாரியில் அடிச்சட்டம் தனி, மேற்கூடு தனி. இக்காலச் சிறு கார்களில் அவ்வாறில்லை. தரை, தூண், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, கூடே எலும்பாகவும் இருந்து பாரத்தைத் தாங்குகிறது. கூரை என்பது மழைக்கு மூடிய தகடு மட்டுமன்று. அதன் அடியில் குறுக்கே செல்லும் மெல்லிய விட்டங்கள் இரு பக்கத் தூண்களையும் இணைத்துப் பிடிக்கின்றன. கார் கவிழ்ந்தால் உள்ளிருப்போர் தலைக்கும் தரைக்கும் இடையே நிற்பது அதுவே. இதனை உணர்ந்தே அமெரிக்க நாட்டில் 1973 முதல் கார்க்கூரை தாங்க வேண்டிய பளுவுக்கு அளவு விதித்தார்கள். காரின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு என்றிருந்த அவ்வளவு, 2009-இல் கொண்டுவந்த திருத்தத்தால் மூன்று மடங்காக உயர்த்தப்பட்டது. கூரை செய்யும் பணி கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியும் நாள் நல்ல நாளாக இருப்பதுமில்லை.

பதினைந்து ஆண்டு உழைத்த காரில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக வெட்டிய தகட்டின் விளிம்பில் தொழிற்சாலையில் ஏற்றிய துருத்தடுப்புப் பூச்சு இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, கோடையில் காய்ந்து, அந்த விளிம்பு மெல்ல அரிக்கப்படும். உள்ளே இறங்கும் நீர் கூரைத் துணியை நனைத்து, மின்கம்பிகளை எட்டும். வெயிற்காலத்தில் கண்ணாடி வழியே வரும் வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனம் கூடுதலாக உழைக்க வேண்டும். கனமான கண்ணாடியும் சட்டமும் காரின் உச்சியில் ஏறுவதால், உயரமான சிறு கார் வளைவுகளில் சற்று அதிகமாகச் சாயும். தலைக்கு மேலுள்ள இடமும் குறையும். செலவாவது எது, கைக்கு வருவது எது, முடிவில் மிஞ்சுவது எது என்று எண்ணச் சொன்ன வள்ளுவர் வழியில் கணக்கிட்டால், இழப்பின் பக்கமே நீள்கிறது.

ஆயினும் இவையெல்லாம் இலாப நட்டக் கணக்குகளே. "இழப்பு என்னுடையது, நான் ஏற்றுக்கொள்கிறேன், இதில் அறம் எங்கே வந்தது?" என்று ஒருவர் கேட்டால் என்ன விடை? இங்கேதான் வினா தன் உண்மை உருவைக் காட்டுகிறது.

சட்டம் கூறுவதை முதலில் கேட்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும் வகையில் வண்டியை உடையவர் மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. நிறம் போன்ற சிறு மாற்றங்களை வண்டியின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்றுவதினின்று வேறுபடுத்தியும் காட்டியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடையவருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்த நாளில் இழப்பீட்டுக்கும் தடையாகலாம்.

கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதே சட்டம் மாற்றங்கள் யாவற்றையும் மூடிவிடவில்லை. பெட்ரோல் காரை எரிவாயுவுக்கு மாற்ற, அங்கீகரிக்கப்பட்ட கருவியைப் பொருத்தலாம். மாற்றுத்திறனாளர் ஒருவர் தாமே ஓட்டும்படி வண்டியின் அமைப்பை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஆக, சட்டம் மாற்றத்துக்குப் பகையன்று. "எதற்காக மாற்றுகிறாய், யார் பார்த்துச் சரியென்றார், அதைப் பதிவேட்டில் எழுதினாயா?" என்று அது கேட்கிறது. கால் இயலாத ஒருவர் கைப்பிடியால் காரை ஓட்டுவதற்கும், கால் இயன்ற நாம் வானம் பார்ப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அது அறிந்திருக்கிறது.

சட்டம் தடுக்கிறது என்பதனால் மட்டும் ஒரு செயல் அறத்துக்குப் புறம்பாகிவிடாது என்பது உண்மையே. சோதனைச் சாவடியில் எவரும் கூரையைப் பார்ப்பதில்லை என்று பொருத்துபவர் சொன்னார். அச்சொல்லே என்னை மேலும் சிந்திக்க வைத்தது. எவரும் பார்க்காத இடத்தில் நாம் செய்வது எதுவோ அதுவே நம் அறத்தின் அளவு. சட்டத்தின் பின்னே நிற்கும் காரணம் நம் உள்ளத்துக்கும் உடன்பாடாகிறதா என்பதே நாம் ஆராய வேண்டியது.

நான் அலுவலகத்தில் பதிவேடு எழுதிப் பழகியவன். பதிவேட்டில் ஒரு பதிவு தவறாகிவிட்டால் அதைச் சுரண்டி அழித்து எழுதலாகாது என்பது நாங்கள் பயிலும் முதற்பாடம். தவற்றின் மேல் ஒரு கோடிட்டு, சரியானதை அருகில் எழுதி, சுருக்கொப்பமும் நாளும் இட வேண்டும். முன்பு இருந்தது என்ன, மாற்றியவர் யார், எப்போது மாற்றினார் என்பதைப் பின்வருபவர் அறிய வேண்டும் என்பதே அதன் கருத்து. பதிவேடு என் மேசையில் இருப்பினும் அது என்னுடையதன்று. எனக்குமுன் எழுதியவருக்கும் எனக்குப்பின் எழுதுபவருக்கும் இடையில் அது சில ஆண்டுகள் என் கையில் இருக்கிறது.

சொந்தப் பொருளும் ஒருவகையில் அத்தகையதே என்று எண்ணுகிறேன். இந்தக் காரை என்றேனும் விற்பேன். பழைய காரை வாங்குபவர் பெரும்பாலும் என்னிலும் வசதி குறைந்தவர். தம் முதற்காராக அதை வாங்குபவர். அவர் மனைவி மக்களோடு காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குச் செல்லும்போது, நான் வெட்டிய விட்டத்தின் கீழே அமர்ந்திருப்பார். துரு எங்கே தொடங்கிற்று என்பதை அவர் அறியார். அவருடைய இசைவை நான் கேட்கவில்லை; கேட்கவும் இயலாது. "என் பொருள்" என்று நான் சொல்லும் சொல், அவர் தலைக்கு மேலுள்ள தகட்டை எட்டும்போது தன் வலுவை இழந்துவிடுகிறது. உடைமையின் எல்லை வேலியில் இல்லை. நம் செயலின் விளைவை நம் இசைவின்றியே தாங்கப்போகும் இன்னொருவர் எங்கே நிற்கிறாரோ, அங்கே அந்த எல்லை இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. மாற்றம் எதுவும் கூடாதென்றால் உலகில் எதுவும் வளர்ந்திருக்குமா? பழையதைத் தொடாதே என்பது அறமா, அச்சமா? எங்கள் வட்டாரத்துச் சான்று ஒன்றைக் கொண்டே இதனை நோக்கலாம். 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய திருக்காளத்தி இராசகோபுரம், 2010 மே 26-ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. ஐந்து நூற்றாண்டு நெருங்க நின்ற கோபுரம் அது. அந்த இடத்தில் புதுக்கோபுரம் எழுந்து, 2017 ஜனவரியில் குடமுழுக்கும் நடந்தது. கல் புதிது, சுண்ணம் புதிது, ஆயினும் தொலைவிலிருந்து கைகூப்புவோர் அதைக் காளத்திக் கோபுரம் என்றே கூறுகின்றனர். பொருள் மாறியும் அது அதுவாகவே இருப்பது எதனால்? எப்பணிக்காக அது எழுந்ததோ அப்பணி தொடர்வதால்தான். பாகங்கள் மாறுவது குற்றமன்று. என் காரில் டயரும் பேட்டரியும் கிளட்சும் பலமுறை மாறியுள்ளன. அவையெல்லாம் அந்தக் கார் தன் பணியைத் தொடர்வதற்காகச் செய்தவை. கூரையை வெட்டுவது அதன் பணிகளுள் ஒன்றைக் குறைத்து, அது என்றும் செய்யாத ஒன்றைச் சுமத்துவது. முன்னது பேணுதல், பின்னது வேறாக்குதல்.

வேறாக்குவதிலும் ஒரு வகைப்பாடு உண்டு. மீட்கக்கூடிய மாற்றம், மீட்கவியலாத மாற்றம் என இரண்டாகப் பிரிக்கலாம். இருக்கை உறையை விருப்பம்போல் மாற்றலாம். பிடிக்காவிடின் நாளையே கழற்றலாம். அங்கே விருப்பம் ஒன்றே போதிய காரணம். வெட்டிய தகட்டை மீண்டும் தகடாக்க முடியாது. ஒட்டுப்போடலாம், முன்போல் ஆக்க முடியாது. மீட்கவியலாத ஒன்றைச் செய்ய, மறுக்கவியலாத காரணம் வேண்டும். உடல் நலிந்த ஒருவரின் பொருட்டு வீட்டுப் படிக்கட்டை இடித்துச் சாய்தளம் அமைப்பவரிடம் அத்தகைய காரணம் இருக்கிறது. என்னிடம் இருந்தது ஓர் ஆசை; அது நல்ல ஆசை; ஆயினும் வெட்டுவதற்கு அது போதாது.

இவ்வளவும் சொன்னபின் என்னை நானே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டியவனானேன். கடன் வாங்கினாலன்றி முப்பதாயிரம் ரூபாய் என்னால் இயலாது. எட்டாத பழம் புளிக்கும் என்று சொல்லுவதுபோல, இயலாமைக்கு அறம் என்று பெயர் சூட்டுகிறேனோ? நடுத்தரக் குடும்பத்தார்க்கு இந்த ஆய்வு மிகவும் இன்றியமையாதது. வாங்க இயலாதவற்றை எல்லாம் வேண்டாதவை என்று பிள்ளைகளிடம் கூறி, நாம் எளிமையின் திருவுருவங்களாக விளங்குகிறோம். பிள்ளைகள் அறிவுடையவர்கள், ஒருநாள் அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். அன்று நாம் சொன்ன உண்மையான அறமும் பொய்யோடு சேர்ந்து கழிந்துவிடும்.

ஆகவே இவ்வாறு சோதித்துக்கொண்டேன். பணம் இலவசமாகக் கிடைத்தால் இந்தக் காரின் கூரையை வெட்டுவேனா? மாட்டேன். பணம் இருந்தால் கூரைச் சாளரத்தோடு வந்த புதுக்காரை வாங்குவேனா? தடையின்றி வாங்குவேன். இவ்விரு விடைகளும் சேர்ந்தபோது மனம் தெளிந்தது. வானம் பார்க்க விழைவதில் குற்றமில்லை. அதை இந்தக் கூரையில் தேடுவதுதான் பொருந்தவில்லை. வாங்காமைக்குக் காரணம் வறுமை. வெட்டாமைக்குக் காரணம் அறம். இரண்டையும் தனித்தனியே ஒப்புக்கொள்ளுவதே நேர்மை.

ஆசையைப் பற்றியும் ஒரு சொல். "அவா அறுத்தல்" அதிகாரத்தைக் காட்டிக் குழந்தையின் வாயை அடைப்பது எளிது. துறவறவியலில் வைக்கப்பட்ட அவ்வதிகாரத்தைப் பத்தாம் வகுப்பு மாணவிமீது ஏவுவது முறையன்று. அவள் விழைந்தது என்ன என்று பார்க்க வேண்டும். கூரைச் சாளரத்தை விரும்புவோர் இருவகையினர். ஒருவர் அதன் வழியே வானத்தைப் பார்க்க விரும்புபவர். மற்றவர் அதன் வழியே தம்மைப் பிறர் பார்க்க விரும்புபவர். ஓடும் காரின் கூரைவழியே பிள்ளைகளை எழுந்து நிற்கச் செய்து மகிழும் பெற்றோரை நெடுஞ்சாலைகளில் இன்று காண்கிறோம். திடீரென்று தடை போட்டால் அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்த இருக்கைப்பட்டை இல்லை. தாழ்ந்து தொங்கும் கம்பியோ கிளையோ எதிர்ப்பட்டால் விலக நேரமும் இல்லை. சாளரம் பார்ப்பதற்கே ஒழிய ஏறி நிற்பதற்கன்று. என் மகள் முதல்வகையினள். மலைமுகடு தலைக்குமேல் திரும்பியதைத்தான் அவள் சொன்னாள். பிறர் பார்த்ததைச் சொல்லவில்லை. அத்தகைய ஆசையை அறுக்க வேண்டியதில்லை; வேறு வழியில் நிறைவேற்ற வேண்டும். அலிபிரியிலிருந்து படியேறி மலைக்குச் சென்றால் நடந்தபடியே அந்த முகடுகளைக் காணலாம் என்றேன். "கால் வலிக்கும் அப்பா" என்றாள். பிறகு, "போகலாம்" என்றாள். காரணங்களையும், பணமின்மை உட்பட, அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் முழுவதும் ஒப்பினாள் என்று கூற மாட்டேன், கேட்டுக்கொண்டாள்.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் பலர் பிறந்த மண்ணை விட்டு வேற்றிடங்களில் வாழ்பவர்கள். நாங்களோ விசித்திரமான நிலையில் உள்ளவர்கள். 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்தது சித்தூர். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தது; 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; சித்தூர் ஆந்திரத்தில் நின்றது; 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் குறித்த வேங்கடத்தின் அடிவாரத்தில், வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழ்கிறோம். இடம் பெயராமலேயே புலம்பெயர்ந்தவர்கள் என்று எங்களைச் சொல்லலாம்.

இத்தகைய வாழ்வில், முன்னோர் விட்டுச்சென்ற மொழி, உணவு, உறவுமுறை, திருமணச் சடங்கு ஆகியவற்றில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் வினா நாள்தோறும் எழுகிறது. இதில் ஒரு சாரார் எதையும் தொடாதே என்பர். மற்றொரு சாரார் என் வாழ்க்கை, என் விருப்பம் என்பர். இருசாராரும் பொருளை உற்றுப் பார்ப்பதில்லை. எது தகடு, எது விட்டம் என்று அறிந்தபின் அன்றோ கத்தியை எடுக்க வேண்டும்? திருமணத்தில் மூன்று நாள் சடங்கு ஒரு வேளையாகச் சுருங்கியது. அதனால் உறவு முறிந்துவிடவில்லை. ஆனால் வீட்டில் தமிழ் பேசுவதை ஒரு தலைமுறை நிறுத்திவிட்டால், பேரன் பாட்டியோடு பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். முன்னது மீட்கக்கூடியது, பின்னது எளிதில் மீட்கவியலாதது. அந்த இழப்பைத் தாங்கப்போகும் பேரனின் இசைவையும் எவரும் கேட்பதில்லை. அவன் வாழப்போகும் வீட்டுக்கு நாம் இன்று பொறுப்பாளர்.

வெளிச்சம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. புதுவீடு கட்டுபவர்கள் முற்றம் வைத்தே கட்டலாம். வேற்று மண்ணில் புதிதாகக் குடும்பம் அமைப்பவர்கள் அந்த மண்ணின் காற்றுக்கும் மொழிக்கும் தொடக்கத்திலேயே இடம் வைத்துத் திட்டமிடலாம். அவ்வாறு அமைந்த வீட்டில் மழை வந்தாலும் போக வழி இருக்கும். நமக்குக் கிடைத்த பழைய வீட்டில் மாற்றம் செய்ய விழைவோமானால், அது எதைத் தாங்கி நிற்கிறது என்று முதலில் தட்டிப் பார்ப்போம். செய்வதை மறைக்காமல் பதிவேட்டில் எழுதுவோம். நமக்குப்பின் அங்கே அமர்பவரை நினைப்போம். இவற்றுக்கு உட்பட்டு வரும் மாற்றம் எதுவாயினும் அஞ்ச வேண்டியதில்லை.

எனவே எங்கள் காரின் கூரை வெட்டப்படாமல் இருக்கிறது. பதிவு முடியும்வரை ஓட்டி, அதன் குறைநிறைகளைச் சொல்லி, அடுத்தவர் கையில் ஒப்படைக்க எண்ணியிருக்கிறேன். பொருளின் உரிமை அதை வைத்திருக்கும் நாள்வரைதான். அதற்கு நாம் செய்தவற்றின் பொறுப்பு அதன் பின்னரும் தொடரும். உடைமைக்கு எல்லை உண்டா என்று தொடங்கிய இவ்வாராய்ச்சியில் நான் கண்ட முடிவு இவ்வளவே. இதனினும் தெளிந்த முடிவு கண்ட அன்பர்கள் எழுதினால் மகிழ்வேன்.